கொட்டகைவாசிகள்: பெரம்பலூர், அரியலூர் கட்டடத் தொழிலாளர்கள் வாழ்ந்த விதம்

2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். அடுத்த சில நாட்களில், தமிழ்நாட்டின் கொரோனா பட்டியலில் அதுவரை கீழே கிடந்த அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் மளமளவென்று மேலே ஏறின. சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் நின்றவர்களும் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னுமாக, மார்ச் ஊரடங்கில் வேலை நின்றுபோன கொத்தனார்களும் சித்தாள்களும் கம்பி கட்டுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களை முகாமாக்கி, வந்தவர்களின் பெயர்களை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த இரண்டு சின்ன மாவட்டங்களிலிருந்து எத்தனை பேர் வெளியூரில் கிடந்து பிழைக்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்கு உறைத்தது. நோய்க்குப் பயந்து எண்ணினார்கள். அதற்கு முந்தைய நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இவர்கள் எங்கே தூங்கினார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், பிள்ளைகளை எங்கே விட்டார்கள் என்று எந்தப் பதிவேடும் கேட்டதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புலம்பெயர் தொழிலாளி என்றதும் ஒடிசாக்காரர், பிகார்க்காரர் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. சட்டத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. மாநில எல்லையைத் தாண்டாமல், செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ 270 கிலோமீட்டர் போய்ச் சென்னையில் வீடு கட்டிக் கொடுத்தவர், வேலையிடத்தில் வெளியூர்க்காரராக நடத்தப்பட்டார். சட்டத்தின் கணக்கில் உள்ளூர்க்காரராக விடப்பட்டார். இரண்டு பக்கமும் அவருக்கே நட்டம்.

சிமென்ட் இங்கே, வேலை அங்கே

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நகரவாசிகள் 48 விழுக்காட்டுக்கு மேல். அரியலூர் மாவட்டத்தில் அது சுமார் 11 விழுக்காடு, பெரம்பலூரில் 17. மாநிலத்திலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டமாக அப்போது பெரம்பலூர் இருந்தது, 5.65 லட்சம் பேர். திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. நிர்வாகத்தின் பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளிடக் கரையோரம் இருக்கும் திருமானூரையும் தா.பழூரையும் விட்டுவிட்டால் பெரும்பகுதி மானாவாரி. பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி, கடலை. மழை பொய்த்தால் வேலை இல்லை, மழை பெய்தாலும் ஆண்டு முழுக்க வேலை இல்லை. ஜெயங்கொண்டம் சுற்றுவட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டம் என்று 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தினார்கள். திட்டம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அரசு சொல்லும்போது ஒரு தலைமுறை வெளியூர்ப் பிழைப்புக்குப் பழகிவிட்டிருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. இந்தியாவின் கட்டுமானத்துக்கு வேண்டிய மூலப்பொருள் இந்த மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது. கடல் கிடந்த காலத்துச் சுண்ணாம்புக்கல். பக்கத்துக் கல்லக்குடியில் டால்மியா ஆலை 1939-லேயே வந்துவிட்டது. அரியலூரில் தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை 1979-ல், ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனோடு தொடங்கியது. 1990களிலிருந்து ஆலத்தியூரில் ராம்கோ, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ், ரெட்டிப்பாளையத்தில் இன்றைய அல்ட்ராடெக், கீழப்பழுவூரில் செட்டிநாடு என்று வரிசை கட்டின. ஆனால் சிமென்ட் ஆலை முதல் தின்னும் தொழில், ஆள் தின்னும் தொழில் அல்ல. சுரங்கத்தில் வெடி வைப்பது முதல் மூட்டை கட்டுவது வரை எந்திரம்தான். நிரந்தர வேலை சில நூறு பேருக்கு. ஒப்பந்த வேலை இன்னும் சில நூறு பேருக்கு. சுற்றியுள்ள ஊர்களுக்கு மிஞ்சியது லாரித் தூசி. அரியலூரில் ரயிலேறிய மூட்டையை அதே அரியலூர்க்காரர் சென்னையில் பிரித்துக் கலவை போட்டார்.

ஏன் கட்டட வேலை, ஏன் ஆலை வேலை இல்லை என்பதற்குப் பருவமும் காரணம். பெரம்பலூர்ப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அதே மழை சென்னையில் கட்டட வேலையை நிறுத்திவிடும். அங்கே வேலை இல்லாத மாதங்களில் இங்கே காட்டில் வேலை. பொங்கல் முடிந்து அறுவடையும் ஓய்ந்தால் அங்கே கான்கிரீட் போடும் காலம். இரண்டு நாட்காட்டிகளும் இப்படிப் பொருந்திப் போனதால்தான் பல குடும்பங்கள் ஊரை விட்டும் விடாமலும் இருக்க முடிந்தது. காடு கழனியைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொண்டார்கள். முழுதாகக் குடிபெயர்ந்திருந்தால் சென்னையில் ஏதாவது ஒரு புறம்போக்கிலாவது குடிசை போட்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். பாதி ஆண்டு வந்து போகிறவருக்கு எந்தக் கவுன்சிலரும் இல்லை.

கட்டடத்தோடு நகர்ந்த வீடு

1980, 90களில் போனவர்கள் பெரும்பாலும் மேஸ்திரி வழியாகத்தான் போனார்கள். மேஸ்திரி அதே ஊர்க்காரராகவோ பக்கத்து ஊர்க்காரராகவோ இருப்பார். மாமன், மச்சான் என்று முறையும் இருக்கும். ஆடியிலோ தையிலோ முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். கணவனும் மனைவியுமாகப் போனால் மேஸ்திரிக்கு வசதி: அவர் கொத்தனார் அல்லது பெரியாள், அந்தம்மா சித்தாள். சமையலுக்குத் தனி ஆள் தேவையில்லை, ராத்திரிக் காவலுக்கும் ஆள் தேடவேண்டாம். அரியலூரிலிருந்து கார்டு லைன் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி, பெரம்பலூரிலிருந்து ராத்திரி பஸ். கையில் அரிசி மூட்டை, பாத்திரச் சாக்கு, பாய். எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கியவர்கள் நேராக சைட்டுக்குப் போவார்கள். தங்க இடம் தேடும் வேலை இல்லை. வேலை செய்யும் இடமே தங்கும் இடம்.

அந்த இடம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் கட்டத்தில் மனையின் ஒரு மூலையில் கொட்டகை விழும். பத்துக்குப் பத்தடி இருந்தால் அதிகம். சவுக்குக் கம்பு நான்கு, மேலே கீற்று; பிற்காலத்தில் கறுப்புத் தார்ப்பாய், அதற்கும் பிற்காலத்தில் தேர்தலும் சினிமாவும் முடிந்து கழற்றிப்போட்ட பிளெக்ஸ் பேனர், தகரம். பக்கவாட்டில் சிமென்ட் சாக்கைப் பிரித்துத் தைத்த மறைப்பு. தரை என்பது மணல். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். ஒரு வரிசையில் நான்கு குடும்பம் என்றால் நடுவில் சாக்குத் திரைதான் சுவர்.

தரைத்தளத்துக்கு மேல் தளம் ஒட்டி, இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டு பிரித்ததும் குடும்பங்கள் உள்ளே மாறிவிடும். இது முன்னேற்றம்: தலைக்கு மேல் கான்கிரீட். ஆனால் ஜன்னல் இல்லை, கதவு இல்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, லிப்டுக்காக விட்ட குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கான்கிரீட் காயக்கூடாது என்று மேல்தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். சுவர் எழும்ப எழும்ப ஹால் ஆகப்போகும் இடத்திலிருந்து படுக்கையறை ஆகப்போகும் இடத்துக்கு, பூச்சு வேலை தொடங்கினால் மாடிக்கு, டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்தால் மறுபடி வெளியே. வீடு உருப்படியாகி, தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வந்து, மனிதர் வாழத் தகுந்ததாகும் அந்த வாரம்தான் அவர்கள் காலி செய்ய வேண்டிய வாரம். கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரிக்கு வேட்டி துண்டு உண்டு. சித்தாளுக்குச் சேலை கொடுத்த வீடுகளும் உண்டு. அது வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது.

அடுப்பு மூன்று செங்கல். விறகு, சென்ட்ரிங் பலகையின் வெட்டுத் துண்டுகள். அதில் ஆணி இருக்கும், தளம் போடத் தடவிய கழிவு எண்ணெய் இருக்கும், எரித்தால் கண்ணைப் பிடுங்கும் புகை வரும். மண்ணெண்ணெய்யும் அரிசியும் ரேஷனில் வாங்க முடியாது, ஏனென்றால் குடும்ப அட்டை ஊரில். தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2020 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை, அட்டைக்குரிய அரிசியை ஊரில் பாட்டி வாங்கி, யாராவது புறப்படும்போது மூட்டையாகக் கட்டி அனுப்பினால் உண்டு. இல்லையென்றால் சைட் பக்கத்து மளிகைக் கடையில் வெளிச்சந்தை விலை, அதுவும் சனிக்கிழமைக் கணக்கில் கடன். 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் வந்தபோது ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் கட்டட ஆட்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆண்டுகளில் கட்டடங்கள் மும்முரமாக எழுந்துகொண்டிருந்த நாவலூர், சிறுசேரிப் பக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. அங்கே அந்த இட்லி இல்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை, கட்டடத்துக்கு வந்தது மனிதருக்கும். போர் போட்டிருந்தால் போர்த் தண்ணீர், இல்லையென்றால் லாரித் தண்ணீர் கொட்டிய தொட்டி. செங்கல் நனைக்கவும் கலவை போடவும் குளிக்கவும் துவைக்கவும் அதுவே. உப்புத் தண்ணீர் கட்டடத்துக்கு ஆகாது என்று பொறியாளர் சோதனைக்கு அனுப்பிய கதை உண்டு. குடிக்கிறவருக்கு ஆகுமா என்று அனுப்பிய கதையை நான் கேட்டதில்லை.

கழிப்பறைதான் இந்த வாழ்க்கையின் மிகக் கொடுமையான பகுதி. ஆண்கள் எங்கோ போய் வந்துவிடுவார்கள். பெண்களுக்கு விடியும் முன் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. இடையில் பத்து மணி நேரம் வெயிலில் சட்டி சுமந்தாலும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், கருப்பை இறக்கம் எல்லாவற்றையும் உடம்புச் சூடு என்ற ஒரே சொல்லில் அடக்கி, வெந்தயம் முழுங்கிவிட்டு வேலைக்கு வந்தார்கள். மாதவிலக்கு நாளில் லீவு எடுத்தால் அன்றைய கூலி போச்சு. குளிக்க இடம், ஹாலோபிளாக் கல்லை மார்பளவு அடுக்கிச் சாக்கு கட்டிய மறைப்பு. இருட்டிய பிறகுதான் அதுவும்.

சிமென்ட் ஈரத்தில் தோலைத் தின்னும். அதிலுள்ள குரோமியம் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் ஆயுசுக்கும் விடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்டில் கரையும் குரோமியத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. இங்கே சிமென்ட் அரித்த கால் விரலிடுக்குக்கு ராத்திரி தேங்காயெண்ணெய்தான் மருந்து. கையுறையும் பூட்சும் பெரிய கம்பெனி சைட்டில் பார்வையிட வருகிற நாளில் தென்படும்.

சித்தாளும் பிள்ளைகளும்

ஒரு பையன் பதினாறு வயதில் கையாளாகச் சேர்ந்தால் நான்கைந்து ஆண்டில் கரண்டி பிடிப்பான், தூக்குக்குண்டும் ரசமட்டமும் பழகுவான், முப்பதில் மேஸ்திரி ஆனாலும் ஆவான். அவன் அம்மா முப்பது ஆண்டு முன்பு சித்தாளாகச் சேர்ந்திருப்பார், இன்றும் சித்தாள். கலவையின் பதத்தைக் கொத்தனாருக்கு முன்பே கண்டுபிடிக்கத் தெரிந்தவரின் கையில் கரண்டியைக் கொடுக்க யாரும் முன்வந்ததில்லை. கூலியும் அப்படியே, கொத்தனார் கூலியில் பாதியைச் சற்றுத் தாண்டினால் பெரிது. ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதி அரை நூற்றாண்டு ஆகிறது. இலக்கியத்தில் இடம் கிடைத்த சித்தாளுக்குத் தொழிலில் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஊரில் பாட்டியிடம் விட்டால் பள்ளிக்கூடம் உண்டு, 1982-லிருந்து விரிவான மதியச் சத்துணவும் உண்டு. ஆனால் அப்பா அம்மாவை வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் பார்க்கலாம். கூட்டிப் போனால் படிப்பு போகும். கைக்குழந்தையை விட முடியாது. சாரக் கம்பில் சேலையைக் கட்டித் தூளி. நடக்கப் பழகிய பிள்ளையைக் கவனிக்க எட்டு வயது அக்கா. அந்த அக்காவின் படிப்பு அங்கேயே முடிந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பெண்களின் எழுத்தறிவு நீண்ட காலம் மாநிலச் சராசரிக்குக் கீழே இருந்ததற்கு இந்த அக்காமார்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

டெல்லியில் 1969-ல், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சி வேலை நடந்த இடத்தில், மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொழிலாளர் குழந்தைகளுக்காகத் தொடங்கிய காப்பகம்தான் 'மொபைல் கிரெஷ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. கட்டடம் நகர்ந்தால் காப்பகமும் நகரும். சென்னையில் அந்த அளவுக்கு ஒன்று வேர் பிடிக்கவில்லை. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ன் மத்தியச் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது; ஆனால் 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மட்டும். சென்னையின் சாதாரண அடுக்குமாடி சைட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தால் அதிகம்.

சட்டம் வைத்த வாசற்படிகள்

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 1970களின் கடைசியில் சுப்பு, ஆர். கீதா போன்றோர் கட்டடத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார்கள். 1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1985-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசியப் பிரச்சாரக் குழு அமைந்து, மத்தியச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றக் கதவைத் தட்டியது. 1994-ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் பிறந்தது. 1996-ல் மத்தியச் சட்டமும், கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை வசூலிக்கும் நலவரிச் சட்டமும் வந்தன.

இதற்கிடையே 1982-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைத் தந்தது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்கங்களும் பாலங்களும் கட்டிய தொழிலாளர்கள் குறித்து மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி சொன்னார். கூலியைப் பற்றி நீதிமன்றம் அவ்வளவு தெளிவாகப் பேசிய நாட்டில் குடியிருப்பைப் பற்றிச் சட்டம் எப்படிப் பேசியது?

1979-ன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் வழியாக மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவரப்பட்டவருக்குத் தகுந்த தங்குமிடம், பயணப்படி, மாதக் கூலியில் பாதிக்குக் குறையாத இடப்பெயர்வுப்படி எல்லாம் தரச் சொன்னது. ஆந்திராவின் சூளூர்ப்பேட்டை சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர்தான். அங்கிருந்து வந்தவருக்குக் காகிதத்திலாவது இந்த உரிமை இருந்தது. அதைப்போல மூன்று மடங்கு தூரத்திலிருந்து வந்த அரியலூர்க்காரருக்குக் காகிதத்திலும் இல்லை. பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போனவர்கள் எல்லை தாண்டினார்கள், உண்மைதான். ஆனால் மச்சான் மேஸ்திரி எந்த உரிமம் வைத்திருந்தார்?

1996 சட்டத்தின் 34-வது பிரிவு இதைச் சரிசெய்திருக்க வேண்டும். வேலையிடத்திலோ அருகிலோ இலவசத் தங்குமிடம், அதில் தனிச் சமையலிடம், குளியலிடம், துவைக்குமிடம், கழிப்பறை என்று அது சொல்கிறது. எல்லைக் கோட்டுப் பேச்சே இல்லை. நல்ல பிரிவு. ஆனால் சட்டம் முழுவதுக்குமே ஒரு வாசற்படி: பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும். சொந்தக் குடியிருப்புக்காகத் தனிநபர் 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டினால் அவர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். நம்மவர்கள் பெரும்பாலும் வேலை செய்தது ஐந்தாறு ஆட்களோடு நடக்கும் தனிவீட்டு வேலைகளில்தான்.

நல வாரியம் கொடுத்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பிள்ளை படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கு என்று பல குடும்பங்கள் அதனால் நிமிர்ந்திருக்கின்றன. பதிவட்டையைப் பத்திரப்படுத்திவைத்து, புதுப்பிக்கும் தேதியை மறக்காத பெண்களை எங்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பணம் வாழ்க்கையின் முக்கிய நாட்களுக்கானது. மற்ற முந்நூறு சொச்சம் நாட்களின் தூக்கத்துக்கும் குளியலுக்கும் அதில் தலைப்பு இல்லை. வரியை வீட்டு வரைபட அனுமதியின்போதே வசூலித்துவிடுகிறார்கள். அந்த வரைபடத்தில் கட்டுகிறவர் தங்கும் இடம் எங்கே என்று கேட்பதில்லை.

2014

கொட்டகை வாழ்க்கையின் ஆபத்தை நகரம் ஒரே மாதத்துக்குள் இரண்டு தடவை பார்த்தது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை நேரம். போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள், ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். ஒரு வாரம் கழிந்ததும் செங்குன்றம் அருகே கிடங்கு ஒன்றின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் விழுந்தது. சுவரை ஒட்டிப் போட்டிருந்த கொட்டகைகளில் தூங்கிக்கொண்டிருந்த 11 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

மவுலிவாக்கம் பற்றி விசாரணை ஆணையம், நீதிமன்றம், 2016 நவம்பரில் எஞ்சிய கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்த காட்சி என்று நீண்ட பேச்சு நடந்தது. நியாயம்தான். ஆனால் செங்குன்றம் சாவுதான் என் விஷயத்துக்கு முக்கியம். அங்கே இறந்தவர்கள் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. தூங்க வேறு இடம் இல்லாததால் இறந்தார்கள். 34-வது பிரிவு அப்போது 18 வயது நிரம்பி நின்றது.

பிறகு நடந்தது

2000களின் பிற்பாதியிலிருந்து பெரிய கம்பெனிகளின் சைட்டுகளில் வங்காளம், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைந்தார்கள். மெட்ரோ ரயில், ஐடி வளாகங்கள், நூறு வீட்டு அடுக்குமாடிகள் அவர்கள் கைக்குப் போயின. ஊர்த் திருவிழாவுக்கும் காட்டு வேலைக்கும் கிளம்பிவிடுகிற நம்மவர்களைவிட, ஆண்டு முழுக்க முகாமில் கிடப்பவர்கள் கம்பெனிக்குச் சௌகரியம். தமிழ்நாட்டுக்காரர்கள் தனிவீட்டு வேலைக்கும், விடியற்காலையில் தெருமுனையில் ஆள் நிற்கும் இடங்களுக்கும் நகர்ந்தார்கள். 2008-ல் நூறு நாள் வேலை இங்கேயும் வந்ததால் நடுவயதுப் பெண்கள் பலர் ஊரோடு இருந்துவிட்டார்கள். இன்று குடும்பமாகப் போவது குறைந்து, ஆண்கள் மட்டும் ஐந்தாறு பேராக ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குவது பெருகிவிட்டது. எறையூரில் காலணி ஆலை வந்தபிறகு சித்தாள் வேலைக்குப் போயிருக்கவேண்டிய பெண்கள் சிலர் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். கொட்டகை ஒழியவில்லை, அதில் இருப்பவர்களின் மொழி மாறியிருக்கிறது. மூன்று செங்கல் அடுப்பு அப்படியே.

சிங்கப்பூர் போன இளைஞர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். திறன் தேர்வு எழுதி, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி, கட்டுமான வேலைக்குப் போனவர்கள் அங்கே பெரிய தங்குவிடுதிகளில் அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். 2020-ல் கொரோனா அந்த விடுதிகளைச் சூறையாடியது. ஆண்டு முடிவில், அங்கிருந்த தொழிலாளரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோனது தெரிந்தது. அதன்பிறகு அந்த அரசு செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு மட்டும் இருந்த உரிமச் சட்டத்தை 2023 ஏப்ரலில் ஏழு படுக்கை உள்ள விடுதிவரை கீழே இறக்கினார்கள். பக்கத்துக் கேரளம் 2019-ல் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளருக்காக 640 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது. அந்த மாநிலத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு அது போதவே போதாது. ஆனாலும் தொழிலாளியின் படுக்கை அரசின் பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட கட்டடம் அது.

நாம் எதிர்த்திசையில் போயிருக்கிறோம். 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பத்துப் பேர் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. சொந்த வீட்டுக்கான விலக்கு 10 லட்சத்திலிருந்து 50 லட்சமாக ஏறியிருக்கிறது. புலம்பெயர் தொழிலாளி என்ற வரையறை தானாகக் கிளம்பி வந்தவரையும் சேர்த்துக்கொள்ளும்படி விரிந்தது; மாநில எல்லை என்ற நிபந்தனை மட்டும் விலகவில்லை. ஆண்டிமடத்துக்காரர் இன்றும் சென்னையில் உள்ளூர்க்காரர்.

தமிழ்நாடு அரசு நினைத்தால் தொகுப்பைத் திருத்தக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டட அனுமதி உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது. வரைபடத்தில் ஆள் தங்கும் இடமும் தற்காலிகக் கழிப்பறையும் காட்டாவிட்டால் அனுமதி இல்லை என்று ஒரு விதி போதும். மனை சின்னது என்றால் வார்டுக்கு ஒரு பொதுக் கழிப்பறை, நலவரிப் பணத்தில்.

வீடு கட்டப்போகும் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூமி பூஜை முடிந்ததும் முதலில் போர் போடுகிறோம், தற்காலிக மின் இணைப்பு வாங்குகிறோம், சிமென்ட் மூட்டை நனையாமல் இருக்கக் கொட்டகை போடுகிறோம். செப்டிக் டேங்கும் கழிப்பறையும் கடைசியில் வருகின்றன. அந்த வரிசையை மாற்றுங்கள். எப்படியும் கட்டப்போகிற தொட்டியை முதல் மாதமே கட்டி, மேலே ஒரு கதவு வைத்த அறையை எழுப்பிவிட்டு அஸ்திவார வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், மேஸ்திரி மறுக்கமாட்டார்.